தாவுகிற வலையில் குறுக்கீட்டைப் பிடிப்பது: ஒரு டேனரிக்குள் கற்றது

"இன்னாம்மா, உங்க ஒயர்லெஸ் இன்னிக்கு டூட்டியா, லீவா?"

டிரம் ஷெட் மேஸ்திரி பாய் காலையில் என்னைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான். ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரி அது, பெயர் எதற்கு. பாய் முப்பது வருஷமாகத் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே பதம் சொல்கிறவர். நான் வாலாஜாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அங்கே 26 சென்சார்களை ஒயர் இல்லாமல் ஒரே வலையில் கட்டியது நான். அது லீவு போட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நான்.

ஒயர் இழுத்திருக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. டிரம் சுற்றுகிற சாமான். உள்ளே தோலும் தண்ணீரும் குரோம் உப்பும் சேர்ந்து புரளும்போது சூடு எவ்வளவு என்று தெரிய, சென்சார் டிரம்மோடு சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றும் சாமானுக்கு உரசியபடியே கரண்ட் கடத்தும் ஸ்லிப் ரிங் போட்டுப் பார்த்தோம், அந்த ஈரத்துக்கும் உப்புக்கும் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. இன்னொரு பக்கம் தண்ணீர்க் கணக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு, பாலாற்றங்கரை டேனரிகளில் கழிவுநீர் எவ்வளவு போனது என்பது யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற எண் இல்லை. ஃப்ளோ மீட்டர் ரீடிங்கில் அரை மணி நேரம் காலியாக இருந்தால் முதலாளி என்னைத்தான் மாடிக்குக் கூப்பிடுவார்.

எங்கள் வலை ஐஇஇஇ 802.15.4 என்கிற ஒயர்லெஸ் தர வகை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 16 சேனல், அவற்றின் எண்கள் 11 முதல் 26 வரை; டிஎஸ்சிஎச் என்கிற முறைப்படி நேரத்தை 10 மில்லி செகண்ட் துண்டுகளாக, அதாவது ஸ்லாட்டுகளாக வெட்டி, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு சேனல் என்று தாவிக்கொண்டே போகும். பாண்டி ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தரையில் 16 கட்டம். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தில் கால் வைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் சேறு இருந்தால் அந்தத் தடவை வழுக்கும். அடுத்த தாவலில் காய்ந்த கட்டம் கிடைக்கும், அதே பாக்கெட் மறுபடி போகும்.

வினையும் அங்கேதான் இருக்கிறது. வழுக்கினாலும் எழுந்து ஓடிவிடுவதால், சேறு இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் '94 சதவீதம் சரி' என்று பச்சையில் காட்டும். பின்னால் ஒவ்வொரு பாக்கெட்டும் மூன்று தடவை போய் வந்திருக்கும். இரண்டு வருஷம் வரும் என்று போட்ட பேட்டரி ஒன்பதாவது மாதம் படுத்த அன்றுதான் நான் முதன்முதலாக உட்கார்ந்து கணக்கெடுத்தேன். விற்றவர்களிடம் போனில் கேட்டதற்கு, "மேடம், இது ஹாப்பிங் சிஸ்டம், இன்டர்ஃபியரன்ஸை அதுவே பார்த்துக்கும்" என்றார்கள். பார்த்துக்கொண்டது என்னவோ உண்மைதான், பேட்டரியைத் தின்று பார்த்துக்கொண்டது.

முதலில் சராசரியை உடையுங்கள்

எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். முதலில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒவ்வொரு சேனலிலும் எத்தனை தடவை அனுப்பியது, எத்தனைக்குப் பதில் வந்தது என்று தனித்தனியாக எடுங்கள். கூடவே சிக்னல் பலம், அதாவது ஆர்எஸ்எஸ்ஐ; மைனஸ் எண்ணில் வரும், சுழிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். சென்சார்கள் சொல்வதை எல்லாம் வாங்கிச் சேர்க்கும் பெட்டி கேட்வே; எல்லா கேட்வேயும் இதைத் திரையில் காட்டாது. பெரும்பாலும் உள்ளே லாக் ஃபைலில் இருக்கும். அதுவும் இல்லையென்றால், நோடின், அதாவது சென்சாரோடு இருக்கும் ரேடியோப் பெட்டியின், ஃபர்ம்வேரில் (உள் மென்பொருளில்) சேனலுக்கு ஒரு எண்ணி சேர்க்கச் சொல்லுங்கள். பத்து வரி வேலை. இரண்டு வேலை நாள், ஒரு லீவு நாள், மூன்றும் சேர்த்து எடுங்கள். லீவு நாளில் காணாமல் போகிற கோளாறு மனிதர் கொண்டுவருகிற கோளாறு.

அந்த அட்டவணையை ஒரு தாளில் அச்சடித்து, மோசமான கட்டங்களை சிவப்பு ஸ்கெட்ச்சால் அடித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்வேன், திரையில் பார்ப்பதைவிடத் தாளில் கண் வேகமாகப் பிடிக்கிறது. சிவப்பு எந்த உருவத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

அடுத்தடுத்து நான்கு சேனல், பல இணைப்புகளிலும் அதே நான்கு சிவப்பு, ஆனால் சிக்னல் பலம் மைனஸ் 60 போல நன்றாகவே இருக்கிறது: அது வைஃபை. வைஃபையின் ஒரு சேனல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், நம்முடையவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பவை. அதனால் ஒரு ரவுட்டர் உட்கார்ந்தால் நம்முடைய நான்கின் மேல் உட்காரும். வைஃபை 1-இல் இருந்தால் நமக்கு 11 முதல் 14 வரை அடிபடும். 6 என்றால் 16 முதல் 19. 11 என்றால் 21 முதல் 24. மிஞ்சும் 15, 20, 25, 26 நான்கும் வைஃபைகளின் சந்துகளில் தப்பி நிற்கும்.

ஒரே இணைப்பில், ஒன்று அல்லது இரண்டு சேனல் மட்டும் சிவப்பு, பக்கத்து இணைப்பில் வேறு சேனல் சிவப்பு: இது யாரோ கொடுக்கும் தொல்லை இல்லை. நம் சிக்னலே தகரத்திலும் இரும்புத் தூணிலும் பட்டுத் திரும்பி வந்து தன்னையே அழித்துக்கொள்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். பெட்டியை ஆறு சென்டிமீட்டர் நகர்த்தி மாட்டினாலே படம் மாறிவிடும். இதற்கென்று ரவுட்டரை அணைத்து ஆபீஸில் சண்டை வாங்க வேண்டாம்.

பதினாறும் ஒரே அளவில் சிவப்பாகி, சிக்னல் பலமும் மைனஸ் 90 பக்கம் கிடக்கிறது: தூரம், தண்ணீர், ஆன்டெனா. பலம் நன்றாக இருந்தும் பதினாறும் சேர்ந்து சிவப்பென்றால் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். கடிகாரம் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்கு எங்கள் ஊர் வெயிலையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஈபி போனதும் இடம் மாறிய இரைச்சல்

என் தாளில் முதல் நாள் 16 முதல் 19 வரை சிவப்பு. சரி, ஆபீஸ் வைஃபை 6-இல் இருக்கிறது, அந்த நான்கையும் பிளாக்லிஸ்டில், அதாவது தாவக் கூடாத சேனல்களின் பட்டியலில், போட்டேன். மறுநாள் மதியம் வரை அருமை. அப்புறம் 11 முதல் 14 வரை சிவப்பு. அவற்றையும் ஒதுக்கலாமா என்று யோசிப்பதற்குள், மூன்றாம் நாள் அது 21-க்குப் போய்விட்டது. ஏதோ பிசாசு நம்மோடு சேர்ந்து பாண்டி ஆடுவது போல இருந்தது.

பிடித்தது நானில்லை, பாய். "கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டாத்தாம்மா உங்களுது மக்கர் பண்ணுது" என்றார். நோட்டில் எழுதியிருந்த மின்வெட்டு நேரத்தை லாக்கோடு ஒட்டிப் பார்த்தேன், நிமிஷக் கணக்கில் பொருந்தியது. எங்கள் கேட்வேக்கு யூபிஎஸ் உண்டு. ஆபீஸ் ரவுட்டருக்குக் கிடையாது. ஈபி போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் புதிதாக எழுந்து, 'ஆட்டோ'வில் இருந்ததால் அந்த நேரத்துக்கு எது காலி என்று பார்த்து ஒரு சேனலில் உட்கார்ந்துகொண்டது. நான் வைத்த பிளாக்லிஸ்ட் நேற்றைய விலாசத்துக்குப் போன தபால் மாதிரி ஆயிற்று.

ஆகவே, நம் வலையைத் தொடுவதற்கு முன் வைஃபையைக் கட்டிப்போடுங்கள். எல்லா ரவுட்டரிலும் 2.4-க்கு 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை எழுதி வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 என்று இருந்தால் நம் பதினாறில் பாதி போய்விடும். 3, 9 போன்ற நடு எண்களில் யாராவது வைத்திருந்தால் அது சந்துகளையும் அடைத்துவிடும்: வைஃபை 3 நம் 15-ஐக் கெடுக்கும், 9 நம் 20-ஐ. லேப்டாப், போன் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்குமானால் ஆபீஸை அங்கே தள்ளிவிடுவது இன்னும் நல்லது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிக் கொடுங்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷூ அப்பர் தைக்கும் யூனிட். அவர்களுடைய ரவுட்டர் 40 மெகாஹெர்ட்ஸில், 3-இல் நின்றது. சட்டப்படி அவர்களை நாம் ஒன்றும் கேட்க முடியாது, 2.4 யாருக்கும் சொந்தமில்லாத பொதுக் கிணறு. ஆற்காட்டிலிருந்து அரை கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு போய், அவர்கள் சிஸ்டம் பார்க்கும் தம்பியிடம் தாளைக் காட்டிப் பேசினேன். பத்து நிமிஷத்தில் 20-க்கும் 1-க்கும் மாற்றிக் கொடுத்தார். நான் வாங்கிய குறுக்கீட்டுத் தடுப்புச் சாதனங்களிலேயே மலிவானது அந்தப் பேடாதான்.

இன்னொன்று. கேட்வே ஆன்டெனாவை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறார்கள், பிளக் பாயின்ட் அங்கே இருக்கிறது என்பதற்காக. காதோரம் ஒருவர் கத்தினால், அவர் வேறு சுருதியில் கத்தினாலும் எதிரில் பேசுகிறவர் சொல் விழாது. சேனல் வேறாக இருந்தும் ரிசீவர் திணறும். இரண்டு மூன்று மீட்டராவது தள்ளுங்கள்.

பிளாக்லிஸ்ட் போட்டால் ஏன் மோசமானது

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்காக நான் ஒரு வாரம் தூக்கம் இழந்தேன்.

வைஃபைகளைக் கட்டிய பிறகு, நிரந்தரமாக அழுக்காக இருந்த ஆறு சேனலை நீக்கி, பத்தை வைத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட சுத்தமான பத்து. சராசரி ஏற வேண்டும். ஏறவில்லை, அதைவிடப் பெரிய விசித்திரம், பல நோடுகள் நூற்றுக்கு நூறு வாங்கின, மூன்றாம் டிரம்மும் கழிவுநீர் ஃப்ளோ மீட்டரும் அடியோடு செத்தன. முன்பு எல்லாரும் கொஞ்சம் இருமினார்கள், இப்போது இரண்டு பேருக்கு மூச்சே இல்லை.

கணக்கு இதுதான். வலை தொடங்கியதிலிருந்து இது எத்தனையாவது ஸ்லாட் என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு இணைப்புக்குரிய சின்ன எண் ஒன்றைக் கூட்டி, சேனல் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எத்தனையோ அந்தக் கட்டத்தில் தாவு என்பது விதி. ஒவ்வொரு நோடுக்கும் ஒரு சுற்றில் ஒரு முறை வரும். சுற்று எத்தனை ஸ்லாட் என்பதை நாம் வைக்கிறோம். நான் 100 வைத்திருந்தேன். 100 ஸ்லாட், சரியாக ஒரு செகண்ட், கணக்குப் பார்க்கச் சுலபம் என்று.

100-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 4. அப்படியானால் ஒரு நோடின் முறை ஒவ்வொரு சுற்றிலும் நாலு நாலாகத் தள்ளித்தான் விழும். பதினாறில் நான்கு கட்டத்தை மட்டுமே அது வாழ்நாள் முழுக்க மிதிக்கும். 16 சேனல் தாவும் வலை என்று பெயர், தாவியது நான்கில். இப்போது பத்து சேனல். 100-ஐ 10-ஆல் வகுத்தால் மீதி சுழி. ஒவ்வொரு நோடும் முதல் நாள் எந்தக் கட்டத்தில் நின்றதோ அங்கேயே ஆணியடித்து நின்றுவிட்டது. நல்ல கட்டத்தில் நின்றவர்களுக்கு நூறு மார்க். பாக்கெட் போகவில்லையே என்று மறுபடி அனுப்பினால், மறுபடியும் அதே சேறு.

15 சேனல் வைத்தாலும் 100-க்கு அது மூன்றே மூன்று கட்டம்தான். சுற்றை 101 ஆக்குங்கள். 101 பகா எண். 16, 15, 12, 10, எத்தனை சேனல் மிஞ்சினாலும் எல்லாவற்றையும் மிதிக்கும். ஒரே ஒரு ஸ்லாட் கூட்டினேன், ஃப்ளோ மீட்டர் எழுந்து உட்கார்ந்தது. உங்கள் மென்பொருளில் சுற்றின் நீளத்தை மாற்ற முடியாவிட்டால், சுற்றுக்கும் சேனல் எண்ணிக்கைக்கும் பொதுவான காரணி இல்லாதபடி சேனல் எண்ணிக்கையையாவது மாற்றுங்கள்: 100 ஸ்லாட்டுக்கு 13 சேனல் சரி, 11 சரி, 9 சரி.

101-க்கு எதிர்பாராத இன்னொரு லாபமும் கிடைத்தது. கேன்டீனில் பழைய மாதிரி மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று இருக்கிறது. இந்த அடுப்புகள் கரண்டின் பாதி அலையில் மட்டும் இரையும். நம் 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி செகண்ட் இரைச்சல், 10 மில்லி செகண்ட் அமைதி. 100 ஸ்லாட் என்றால் ஒரு செகண்ட், அதாவது முழுசாக 50 அலை. ஒரு தடவை இரைச்சலில் மாட்டிய நோடு அடுத்த சுற்றிலும் அதே இரைச்சலில் மாட்டும். 101 என்றால் ஐம்பதரை அலை. இந்தச் சுற்றில் இரைச்சலில் விழுந்தால் அடுத்த சுற்றில் அமைதியில் விழும். கிரிட் துல்லியமாக 50-இல் நிற்பதில்லை, அதனால் இது கடிகாரம் போல நடக்காது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பாட்டைச் சூடு பண்ணும் நேரத்தில் லாக்கில் வித்தியாசம் தெரிந்தது.

எத்தனை சேனலை ஒதுக்கலாம்? என் கை விதி: பாதிக்கு மேல் போகாதீர்கள். கொஞ்சம் அழுக்கான சேனல் இருந்துவிட்டுப் போகட்டும். பத்தில் ஏழு போய்ச் சேர்ந்தாலே வைத்துக்கொள்வேன். மிகவும் குறைத்தால் பக்கத்துக் கம்பெனி இதே மாதிரி வலை போடும் அன்று, இரண்டு வலையும் ஒரே நாலு சந்தில் முட்டிக்கொள்ளும். அப்படி இரண்டு வலை இருந்தால் இரண்டுக்கும் வலை எண்ணும் தாவும் வரிசையும் வேறாக இருக்கட்டும். 16 சேனலில் எப்போதாவது முட்டுவது பரவாயில்லை.

பட்டியலை மாற்றும்போது எல்லா நோடும் விழித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பட்டியலோடு ஒரு நோடு தூங்கிக்கொண்டிருந்தால், அது எழுந்து எல்லாரும் காலி செய்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். வலையில் சேர வரும் நோடு காத்திருக்கும் அறிவிப்புப் பாக்கெட்டுக்குப் பொறியாளர்கள் சுருக்கமாக ஈபி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஈபி என்றால் மின்சார வாரியம். "ஈபி வரலை, அதான் நோடு சேரலை" என்று நான் போனில் சொல்ல, ஆபீஸில் ஜெனரேட்டரைப் போட்ட கதையும் உண்டு.

கத்திரி வெயிலில் பிந்தும் கடிகாரம்

மே மாதம். மதியம் 12 மணி முதல் 4 மணி வரை மேல்தொட்டி நீர்மட்ட நோடு மட்டும் அறுந்து அறுந்து சேர்ந்தது. சிக்னல் பலம் பிரமாதம். பதினாறு சேனலும் ஒரே மாதிரி சிவப்பு. யாரோ பெரிய ஜாமர் வைத்திருக்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பக்கத்திலிருக்கும் மற்ற நோடுகள் நலமாக இருந்ததுதான் என் சந்தேகத்தைத் திருப்பியது. இரைச்சல் என்றால் தெருவுக்கே கேட்க வேண்டும்.

நோடுக்குள் நேரம் காட்டுவது 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே ரகம். 25 டிகிரியில் அது சரியாக ஓடும். அதிலிருந்து சூடானாலும் குளிர்ந்தாலும் பிந்தும். எவ்வளவு என்றால், வித்தியாசத்தின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் வருகிற பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. தகரக் கூரைக்கு மேல் கறுப்புப் பெட்டி, உள்ளே 60 டிகிரி. 35-இன் வர்க்கம் 1225. பெருக்கினால் கிட்டத்தட்ட 42 பிபிஎம். ஒரு செகண்டுக்கு 42 மைக்ரோசெகண்ட் பிந்துகிறது. எதிர்ப்பக்கம் கேட்வே ஏசி அறையில் சுகமாக இருக்கிறது.

ஸ்லாட்டில் வாங்குகிறவர் இப்படி அப்படி ஒரு மில்லி செகண்ட் வரைதான் காத்திருப்பார். இரண்டு கிரிஸ்டலும் தலைக்கு 20 பிபிஎம் தப்பு என்று வைத்தால் சேர்த்து 40. 25 செகண்டில் அந்த ஒரு மில்லி செகண்ட் தீர்ந்துவிடும். அதனால் 20 செகண்டுக்கு ஒரு முறை நேரம் சரிபார்க்கும்படி வைத்திருந்தேன். வெயில் 42-ஐச் சேர்த்ததும் 82. பன்னிரண்டு செகண்டிலேயே தீர்ந்தது. அடிக்கடி பேசும் நோடு தப்பித்துக்கொள்கிறது, ஒவ்வொரு பதிலிலும் நேரத் திருத்தம் சேர்ந்தே வருவதால். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மட்டம் சொல்லும் தொட்டி நோடுதான் மாட்டியது.

செய்தவை மூன்று. சரிபார்ப்பை அந்த ஒரு நோடுக்கு 8 செகண்டாக்கினேன். ஃபர்ம்வேரில் பிந்தும் வேகத்தைக் கற்றுத் தானே ஈடுகட்டும் வசதி அணைந்து கிடந்தது, அதைப் போட்டேன். பெட்டிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து மேலே ஒரு பழைய தகரத்தைக் காற்றோட்டம் விட்டுக் கூரை போல வளைத்து வைத்தோம். மூன்றில் எது அதிகம் வேலை செய்தது என்று கேட்டால் தகரம்தான் என்று பாய் அடித்துச் சொல்வார், அதை வளைத்தது அவர் ஆள் என்பதால்.

சுற்றுகிற டிரம்

இது குறுக்கீடே இல்லை. ஆனால் எல்லாரும் குறுக்கீடு என்று நினைத்து சேனலை மாற்றிக்கொண்டிருப்பார்கள், அதனால் சொல்கிறேன். மரத்தாலான டிரம் ஈரத்தில் ஊறியிருக்கும், மேலே இரும்புப் பட்டைகள், உள்ளே டன் கணக்கில் தண்ணீர். நோடு அந்தப் பக்கம் போகும்போது சிக்னல் கேட்காது. எங்கள் டிரம் நிமிஷத்துக்குப் பத்து சுற்று, ஒரு சுற்றுக்கு ஆறு செகண்ட். அதில் இரண்டு, மூன்று செகண்ட் இருட்டு. பாக்கெட்டை அதிகபட்சம் மூன்று தடவைதான் முயல வேண்டும் என்று இருந்தது. வலையின் சுற்றுக்கு, அதாவது செகண்டுக்கு, ஒரு தடவை என்றால் மூன்று செகண்டில் கைவிட்டுவிடும். ஏழு ஆக்கினேன். டிரம் ஒரு முழு வட்டம் போட்டு முகம் காட்டும்வரை பாக்கெட் காத்திருக்கும். பேட்டரி கூடுதலாகச் செலவாகிறதா என்றால், முன்பு வீணாகப் போனதைவிடக் குறைவுதான்.

ஆன்டெனாவை இரும்புப் பட்டையோடு ஒட்டி மாட்டாதீர்கள். மூன்று நான்கு விரல் உயரம் தள்ளி, மரத்தின் மேல்.

மற்ற தாவிகள்

புளூடூத்தும் தாவும் சாதிதான். பழைய வகை 79 சேனலில் செகண்டுக்கு 1600 தடவை தாவும். 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து கெட்ட சேனலைத் தானே ஒதுக்கவும் தெரியும், ஆனால் 20-க்குக் கீழே போகாது. அதில் நாம் கைவைக்க அதிகம் எதுவும் இல்லை. ஆபீஸில் ஹெட்செட் கரகரத்தால் முதலில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அந்த வேகமான ஒயர் 2.4-லேயே இரைச்சல் விடும். டாங்கிளை ஒரு சின்ன யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷனில் தள்ளி வைத்தால் போதும். சின்ன சென்சார்களில் வரும் லோ எனர்ஜி வகையில் 40 சேனல். அறிமுகத்துக்கான மூன்றை 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில், வைஃபை 1, 6, 11-இன் சந்துகளில் வைத்திருக்கிறார்கள். ரவுட்டரை 1, 6, 11-லேயே வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரம் அதிகம், மரமும் மதிலும் குறுக்கே என்றால் 2.4-ஐ விட்டுவிட்டு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குப் போகலாம், இந்தியாவில் அதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் ஆன்லைனில் மலிவாக வரும் 915 மெகாஹெர்ட்ஸ் பெட்டிகளை வாங்காதீர்கள். அது அமெரிக்கப் பட்டை. இங்கே அது மொபைல் கம்பெனிகளுக்குக் கொடுத்த இடத்தின் மேல் போய் விழும். டவர் பக்கத்தில் அது செவிடாகிவிடும், சட்டப்படியும் தப்பு. எலவம்பாடிப் பக்கம் கத்தரித் தோட்டத்தில் சொட்டுநீர் வால்வுக்கு அப்படி ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, தெரிந்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். எந்தச் சேனலை ஒதுக்கலாம் என்று கேட்டார். பெட்டியையே ஒதுக்கச் சொன்னேன்.

எங்கள் ஷெட்டில் ஏழாம் டிரம் இன்னும் அடங்கவில்லை. காலியாக இருக்கும்போது ஒழுங்காகப் பேசுகிறது, முழு லோடு ஏற்றினால் பத்துக்கு இரண்டு பாக்கெட் தொலைகிறது. தாளில் சிவப்பு பதினாறிலும் பரவி, சிக்னல் பலமும் சேர்ந்தே இறங்குகிறது, எனவே தண்ணீர்தான். எதிர்த் தூணில் இடைநோடு ஒன்று வைக்க வேண்டும். அந்தத் தூணில்தான் பாய் சட்டை மாட்டுவார். வேறு ஆணி அடித்துக் கொடுத்த பிறகுதான் தருவேன் என்கிறார்.